வீட்டுக்குள் இருப்பதை வீட்டுக்குள்ளேயே கேட்போம்

கேள்வி: ஐயா, எங்கள் ரியூட்டரியில் ஒரு பழைய லப்டொப்பில் கடந்தகால வினாத்தாள்களும் விளக்கக் காணொளிகளும் போட்டு வைத்திருக்கிறேன். பிள்ளைகள் வைபையில் இணைந்து 192.168.1.37 என்று போனில் அடித்தால் திறக்கும், டேட்டா செலவில்லை. ஆனால் கரண்ட் போய் வந்தால் சில நாட்களில் இலக்கம் மாறிவிடுகிறது, வகுப்பைத் தொடங்க முதல் புது இலக்கத்தைக் கண்டுபிடித்துப் பலகையில் எழுத வேண்டியிருக்கிறது. இலக்கத்துக்குப் பதிலாக ஒரு பெயர் வைக்க முடியாதா? இணைப்புக் கொடுத்தவர்களின் பெட்டியில் அதற்கு இடமே இல்லை.
— ஆசிரியர் ஒருவர், கொக்குவில்

பதில்: முடியும் சேர், அதுவும் நீங்கள் நினைப்பதை விடச் சுலபமாக. முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன்: இணைப்புக் கொடுத்தவர்களின் பெட்டியில் கை வைக்காதீர்கள். அது ஃபைபரையும் தொலைபேசியையும் பார்த்துக்கொள்ளட்டும். அதற்குப் பின்னால் உங்களுக்கென்று ஒரு சிறிய ரவுட்டரை வாங்கி வைத்து, அதில் ஓப்பன் டபிள்யூஆர்டி என்ற மென்பொருளை ஏற்றுங்கள். 2002 கடைசியில் லிங்சிஸ் கம்பனி வெளியிட்ட டபிள்யூஆர்டி54ஜி என்ற ரவுட்டருக்குள் லினக்ஸ் என்ற திறந்த மூல மென்பொருள் இருப்பதைக் கண்டுபிடித்தவர்கள் விடாமல் கேட்க, 2003 இல் அந்த மூல நிரல் வெளியே வந்தது. அதை வைத்து 2004 இல் தொடங்கியதுதான் இது, பெயரும் அதிலிருந்தே வந்தது.

அதற்குள் டிஎன்எஸ்மாஸ்க் என்று ஒரு சின்ன நிரல் ஓடுகிறது. இலக்கம் பங்கிடுவதும் அதுதான், பெயருக்கு இலக்கம் சொல்வதும் அதுதான், இரண்டும் ஒரே கையில் இருப்பதால்தான் வேலை இவ்வளவு சுலபம். அமைப்புப் பக்கத்தில் உங்கள் லப்டொப்பைத் தெரிவு செய்து ‘இந்த இயந்திரத்துக்கு எப்போதும் இந்த இலக்கம், பெயர் பேப்பர்’ என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் முடிந்தது. பிள்ளைகள் ஆங்கில எழுத்தில் ‘பேப்பர்.லான்’ என்று அடிக்கலாம். பின்னால் ஒரு சாய்கோடு போடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பிரவுசர் அதைத் தேடுசொல் என்று நினைத்துக் கூகுளிடம் கொண்டுபோய்விடும்.

இனி உங்கள் இடத்தில் நிச்சயமாக வரக்கூடிய தொல்லைகளைச் சொல்கிறேன். இந்த மென்பொருள் ஏறியதும் ரவுட்டரின் இலக்கம் 192.168.1.1 ஆக இருக்கும். உங்கள் பழைய பெட்டியும் 192.168.1 வரிசையில்தான் இருக்கிறது. இரண்டும் ஒரே வரிசையில் இருந்தால் எது உள்பக்கம் எது வெளிப்பக்கம் என்று புது ரவுட்டருக்கே தெரியாது, இணையம் வேலை செய்யாது. ஆகவே இரண்டையும் இணைக்க முன்னரே புதியதை 192.168.5.1 என்று மாற்றிவிடுங்கள். பொதுவாக வைபையும் அணைந்தேதான் இருக்கும், பழுதாகிவிட்டதோ என்று பதற வேண்டாம், கேபிளில் லப்டொப்பைக் கொழுவி உள்ளே போய்க் கடவுச்சொல் வைத்துவிட்டு வைபையைப் போடுங்கள். பழைய பெட்டியின் வைபையை நிறுத்திவிடுவது நல்லது, இல்லாவிட்டால் பாதிப் பிள்ளைகள் அதில் போய் இணைந்துகொண்டு பெயர் திறக்கவில்லை என்பார்கள்.

இன்னொன்று வீட்டுக்காரருக்கு வராது, ரியூட்டரிக்கு வரும். இந்த ரவுட்டர் வழக்கத்தில் 150 இலக்கங்களை 12 மணி நேரக் குத்தகைக்குத்தான் கொடுக்கிறது. காலை வகுப்புக்கு 80 போன் வந்து போனால் அந்த 80 இலக்கமும் மாலை வரை பிடிபட்டே இருக்கும், மாலைக்கு இன்னொரு 80 போன் வந்தால் கடைசிப் பத்துப் பிள்ளைகளுக்கு ஒன்றும் மிஞ்சாது. குத்தகையை 2 மணி நேரமாகக் குறைத்துவிடுங்கள்.

சரி, இவ்வளவும் செய்த பிறகும் ஒரு பிள்ளையின் போனில் மட்டும் திறக்கவில்லை என்றால் அதில் ‘பிரைவேட் டிஎன்எஸ்’ என்ற அமைப்பைப் பாருங்கள், ஆண்ட்ராய்ட் 9 இலிருந்து இருக்கிறது. அதில் யாரோ விளம்பரத்தைத் தடுக்கவென்று வெளி முகவரி ஒன்றைப் போட்டுக் கொடுத்திருப்பார்கள். அப்படியானால் அந்தப் போன் பெயரை உங்கள் ரவுட்டரிடம் கேட்பதே இல்லை, வெளிநாட்டில் இருக்கும் ஒரு சேவரிடம் போய் ‘பேப்பர்.லான் எங்கே’ என்று கேட்டு, இல்லை என்ற பதிலோடு திரும்பி வருகிறது. தானியங்கி என்று மாற்றினால் சரி.

கேள்வி: அண்ணா, நான் ஏ.எல் படிக்கிறேன். அப்பாவின் பழைய ரவுட்டரில் இதை ஏற்றிப் பார்க்கலாமா? பழுதாகிவிடுமா?
— மாணவன், சாவகச்சேரி

பதில்: பழுதாகலாம் தம்பி, மறைக்க மாட்டேன். நான் முதல் முதல் ஏற்றிய ரவுட்டர் செத்தே போனது. மாதிரி இலக்கம் சரியாகத்தான் பார்த்தேன், ஆனால் அடியில் ஒட்டியிருந்த சிட்டையில் அதற்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் ‘வெர்.5’ என்று இருந்ததை நான் கவனிக்கவில்லை, வெர்.4 க்கு உரிய கோப்பை ஏற்றிவிட்டேன். ஒரே பெயரில் விற்கும் இரண்டு ரவுட்டர்களுக்குள் இருக்கும் சிப் வேறு வேறாக இருக்கலாம். கரண்ட் லைட் மட்டும் எரிந்தது, மற்ற ஒன்றும் எரியவில்லை. அன்று இரவு முழுக்க ரீசெட் பொத்தானை ஊசியால் அமத்திக்கொண்டு இருந்தது இன்றைக்கும் ஞாபகம். இரண்டு நாளைக்குப் பிறகுதான் கேபிள் வழியாக அதன் சொந்த மென்பொருளைத் திருப்பி ஏற்றி எடுத்தேன்.

அதனால் ரவுட்டரைக் கவிழ்த்து, மாதிரி இலக்கத்தையும் வெர்ஷனையும் ஒரு கொப்பியில் எழுதி, ஓப்பன் டபிள்யூஆர்டியின் சாதனப் பட்டியலில் அந்த வெர்ஷனே இருக்கிறதா என்று பார். 16 எம்பி பிளாஷ், 128 எம்பி ராம் இருந்தால் நல்லது. 4 எம்பியும் 32 எம்பியும் உள்ள பழையது என்றால் விட்டுவிடு, இப்போதைய வெளியீடுகள் அதில் ஏறாது. கம்பனி மென்பொருளிலிருந்து முதல் தரம் மாறுவதற்கு ‘ஃபாக்டரி’ கோப்பு என்று ஒன்று கொடுத்திருந்தால் அதை எடு, ‘சிஸ்அப்கிரேட்’ என்பது பொதுவாகப் பிறகு புதுப்பிக்கும்போதுதான். ஏற்றும் மூன்று நான்கு நிமிடமும் கரண்ட் போகக் கூடாது. 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்றில் கொழுவிவிட்டுச் செய். பிறகும் அது அங்கேயே இருக்கட்டும், 2022 இல் பதின்மூன்று மணி நேரம் கரண்ட் வெட்டிய நாட்களை நாங்கள் பார்த்தவர்கள்தானே.

அப்புறம், அப்பாவிடம் கேட்டுவிட்டுச் செய்.

கேள்வி: லைன் அறுந்து இணையம் இல்லாத நாளிலும் இந்தப் பெயர்கள் வேலை செய்யுமா? பெயருக்குப் பின்னால் ‘லோக்கல்’ என்று போடலாமா?
— பருத்தித்துறை வாசகி

பதில்: வேலை செய்யும், நான் இதைச் செய்ததே அதற்காகத்தான். எங்கள் வீட்டில் அம்மம்மாவின் படங்களும் நூலகம் இணையத்தளத்திலிருந்து இறக்கி வைத்த பழைய சஞ்சிகைகளும் ‘ராஸ்பெரி பை’ என்ற ஒரு சின்னக் கணினியில் இருக்கின்றன. அலுமாரிக்கு மேலே இருக்கும் ஒரு பெட்டியைக் கண்டுபிடிக்க ஏன் கடலுக்கு அடியால் ஒரு கேள்வி போய் வர வேண்டும்? ரவுட்டரே பதில் சொல்லும். ஆனால் போன் ‘இந்த வைபையில் இணையம் இல்லை’ என்று சொல்லி மெல்ல மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும், அப்போது பெயரும் போய்விடும். இணைந்தே இருக்கவா என்று கேட்கும்போது ஆம் என்று அமத்துங்கள்.

‘லோக்கல்’ வேண்டாம் அக்கா. அது 2013 இலிருந்து வேறொரு முறைக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது, பிரின்டர்கள் தாங்களாகவே வலையமைப்பில் கூவித் தங்களை அறிவிக்கும் முறை. இரண்டையும் கலந்தால் ஒரு நாள் திறக்கும், ஒரு நாள் திறக்காது. ‘லான்’ என்பது ரவுட்டரில் ஏற்கெனவே இருப்பது, வீட்டுக்குப் போதும்.

கேள்வி: தமிழிலேயே பெயர் வைக்கலாமா?
— நல்லூர் வாசகர்

பதில்: வைக்கலாம்! ‘.இலங்கை’ என்ற முகவரி 2010 இலிருந்தே இருக்கிறதே. நீங்கள் தமிழில் அடித்தால் பிரவுசர் அதை எக்ஸ், என், இரண்டு சிறு கோடு என்று தொடங்கும் ஆங்கில எழுத்துச் சரமாக மாற்றித்தான் ரவுட்டரிடம் கேட்கும். ஆகவே இந்த மாற்றத்தைச் செய்து தரும் ‘பியூனிகோட் மாற்றி’ இணையப் பக்கம் ஒன்றில் உங்கள் சொல்லைப் போட்டு, வரும் சரத்தை ரவுட்டரின் பெயர்ப் பட்டியலில் எழுதுங்கள். ‘லான்’ மட்டும் ஆங்கிலத்திலேயே இருக்கட்டும். என் வீட்டில் ‘படங்கள்’ என்று வைத்திருக்கிறேன், அம்மா தானே அடித்துத் திறக்கிறா.