தாய்வழிப் பிரஜாவுரிமை: வாசகர் கேள்வி – பதில்

பிறப்புப் பதிவு, பிரஜாவுரிமை பற்றித் திருகோணமலை மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இம்முறை பதில் தருகிறோம். பெயர்களையும் ஆளை அடையாளம் காட்டும் விவரங்களையும் நீக்கியிருக்கிறோம். ஒரே மாதிரியான கேள்விகள் ஒன்றாக்கப்பட்டுள்ளன.

கேள்வி (கிண்ணியா): என் தங்கை வளைகுடாவில் வீட்டுவேலைக்குப் போன இடத்தில் ஒரு பிள்ளை பிறந்தது. தகப்பன் வேறு நாட்டுக்காரர், கல்யாணப் பதிவு இல்லை. இப்போது இரண்டு வயதுப் பிள்ளையோடு ஊருக்கு வந்துவிட்டாள். "தகப்பன் எந்த நாடோ பிள்ளையும் அந்த நாடுதான், இங்கே ஒன்றும் செய்ய ஏலாது" என்கிறார்கள். அப்படியா?

பதில்: அப்படியில்லை. உங்கள் ஊரில் சொல்வது பழைய சட்டம். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் தகப்பன் இலங்கையரா என்றுதான் பார்த்தது. வெளிநாட்டவரை முறைப்படி மணந்த பெண்ணின் பிள்ளைக்குத் தாய்வழி உரிமை கிடைக்கவில்லை. ஆனால் திருமணமாகாத தாயின் பிள்ளைக்குத் தாய்வழியே போதும் என்று அதே சட்டம் ஒத்துக்கொண்டது. கல்யாணம் கட்டியதற்காகவே ஒரு பெண் தன் உரிமையை இழந்த விசித்திரம் அது. 2003ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் அதை மாற்றியது. இப்போது தாய், தகப்பன் இருவரில் ஒருவர் இலங்கைப் பிரஜையாக இருந்தால் போதும்.

ஆனால் பிள்ளை பிறந்தது வெளிநாட்டில் என்பதால் உரிமை தானாக வந்து சேராது. பிறந்து ஒரு வருடத்துக்குள் அந்த நாட்டிலுள்ள இலங்கைத் தூதரகத்திலோ, இங்கே குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் பிரஜாவுரிமைப் பிரிவிலோ பதிய வேண்டும். பத்தரமுல்லை 'சுகுருபாய' கட்டடத்தில் அந்தப் பிரிவு இருக்கிறது. ஒரு வருடம் தாண்டினால் கதவு மூடிவிடுவதில்லை. நியாயமான காரணம் இருந்தால் கால அவகாசம் கொடுக்க அமைச்சருக்குச் சட்டம் அதிகாரம் தந்திருக்கிறது. ஏன் தாமதமானது என்பதைத் திகதி வாரியாக ஒரு சத்தியக் கடதாசியில் எழுதிச் சமாதான நீதவான் முன் ஒப்பமிட்டுக் கொண்டுபோங்கள். "தெரியாமல் இருந்துவிட்டோம்" என்ற ஒற்றை வரியை விட, எந்த மாதம் வேலைவீட்டை விட்டு வந்தார், எத்தனை நாள் பாதுகாப்பு இல்லத்தில் இருந்தார், எப்போது நாடு திரும்பினார் என்ற விவரம் எடுபடும்.

அதோடு தாயின் பிறப்புச் சான்றிதழ், தேசிய அடையாள அட்டை, பிள்ளை பிறந்த நேரத்தில் அவரிடம் இருந்த கடவுச்சீட்டு, வரும்போது தூதரகம் தந்த தற்காலிகப் பயண ஆவணம், பிள்ளையின் பிறப்புக்கான ஆதாரம் ஆகியவை வேண்டும். கடைசியில் சொன்னதுதான் வளைகுடாவில் சிக்கல். அங்கே பல நாடுகளில் கல்யாணப் பத்திரம் இல்லாமல் பிறப்புச் சான்றிதழ் கொடுக்க மாட்டார்கள். ஆஸ்பத்திரியில் பிள்ளை பிறந்ததற்குத் தந்த துண்டு, டிஸ்சார்ஜ் கடதாசி, தடுப்பூசி அட்டை எதையும் எறிய வேண்டாம். அரபியில் இருந்தால் சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து மாற்றுங்கள். ஒரு கடதாசியும் இல்லையென்றால் தாய்–பிள்ளை உறவைக் காட்ட டீ.என்.ஏ. பரிசோதனை கேட்கப்படலாம். அந்தக் கட்டத்தில் தனியாக அலையாமல் திருகோணமலையிலுள்ள சட்ட உதவி ஆணைக்குழு நிலையத்துக்குப் போங்கள்.

இரண்டு இடங்களில் இந்த விண்ணப்பங்கள் விழுகின்றன. ஒன்று, தாயின் பெயரும் வயதும். ஏஜென்சிக்காரர் வயதைக் கூட்டி எடுத்துக் கொடுத்த கடவுச்சீட்டில் போனவர்கள் இருக்கிறார்கள். பிள்ளையின் பிறப்புப் பதிவு அந்தக் கடவுச்சீட்டுப் பெயரில் இருக்கும், ஊரிலுள்ள பிறப்புச் சான்றிதழில் வேறு பெயரோ திகதியோ இருக்கும். அதிகாரிக்கு அவர்கள் இரண்டு பெண்கள். "இருவரும் ஒருவரே" என்ற சத்தியக் கடதாசி மட்டும் கொண்டுபோனால் பெரும்பாலும் திருப்பி அனுப்புவார்கள். உண்மையை மறைக்காமல், கிராம உத்தியோகத்தர் சான்று, பாடசாலை விடுகைப் பத்திரம், பழைய அடையாள அட்டை என்று மூன்று நான்கு ஆதாரங்களைச் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

மற்றது, குறுக்குவழி. "கிண்ணியாவில் வீட்டில் பிறந்தது என்று பதிந்துவிட்டால் முடிந்தது" என்று யோசனை சொல்ல ஆட்கள் வருவார்கள். செய்யாதீர்கள். அந்தத் திகதியில் தாய் நாட்டிலேயே இல்லை என்பது விமான நிலையப் பதிவில் இருக்கிறது. என்றாவது பிள்ளைக்குக் கடவுச்சீட்டு எடுக்கும்போது அது வெளியே வரும். பொய்த் தகவல் கொடுத்த குற்றம் தாயின் தலையில் விழும், பிள்ளையின் பதிவும் ஆட்டம் காணும்.

கேள்வி (உப்புவெளி): நான் இலங்கைப் பெண், கணவர் ஐரோப்பியர். பிள்ளை திருகோணமலை ஆஸ்பத்திரியில் பிறந்தது. பிரஜாவுரிமைக்குத் தனியாகப் பதிய வேண்டுமா? தகப்பன் நாட்டுப் பிரஜாவுரிமையும் எடுக்கலாமா?

பதில்: இங்கே பிறந்த பிள்ளைக்குத் தனிப்பதிவு வேண்டாம். நீங்கள் பிரஜை என்பதால் பிறந்த கணமே பிள்ளையும் பிரஜை.  ஆனால் கடவுச்சீட்டு விண்ணப்பத்தோடு உங்கள் பிறப்புச் சான்றிதழையும் அடையாள அட்டைப் பிரதியையும் சேர்த்தே கொடுங்கள். வெளிநாட்டுப் பெயரைப் பார்த்ததும் கேட்பது அதைத்தான்.

தகப்பன் வழியாகப் பிறப்பிலேயே வேறு நாட்டுப் பிரஜாவுரிமையும் வருமென்றால், 22 வயதை நாட்குறிப்பில் குறித்து வையுங்கள். அந்த வயதுக்குள் மற்ற நாட்டுப் பிரஜாவுரிமையைத் துறக்க வேண்டும், அல்லது பிரஜாவுரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவின் கீழ் இரட்டைப் பிரஜாவுரிமையாகக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும். சும்மா விட்டால் இலங்கைப் பிரஜாவுரிமை சட்டப்படி அற்றுப்போகும்.

கேள்வி (திருகோணமலை நகர்): 1990இல் இந்தியாவுக்குப் போய் மண்டபம் அகதி முகாமில் இருந்தோம். மகள் அங்கே 1999இல் பிறந்தாள். ஊர் திரும்பிவிட்டோம். அடையாள அட்டைக்குப் போனால் "பிரஜாவுரிமைச் சான்றிதழ் எங்கே?" என்கிறார்கள். இந்தியப் பிறப்புச் சான்றிதழ் போதாதா?

பதில்: போதாது. அவர் அங்கே பிறந்தார் என்பதை மட்டுமே அது சொல்கிறது. இந்தியச் சட்டப்படி 1987 ஜூலை 1க்கு முன் அந்த மண்ணில் பிறந்தவர்களுக்குத்தான் பிறந்த இடத்தை மட்டும் வைத்துக் குடியுரிமை. அதன் பிறகு பிறந்தவர்களுக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். ஆகவே உங்கள் மகள் இந்தியர் அல்ல. இங்கே பதியாதவரை இலங்கையர் என்று காட்டவும் கையில் ஒன்றுமில்லை. நாடற்ற நிலை என்பது பல குடும்பங்களில் இப்படித்தான் சத்தமில்லாமல் வந்து குந்துகிறது. பிள்ளை 15 வயதில் சாதாரண தரப் பரீட்சைக்காக அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கும்போதுதான் வீட்டுக்கே தெரியவரும்.

வெளிநாட்டில் பிறந்தவர் விஷயத்தில் இரண்டு கடதாசிகளைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். தூதரகம் தரும் கொன்சியூலர் பிறப்புச் சான்றிதழ் பிறப்பைச் சொல்வது, பதிவாளர் நாயகம் திணைக்களம் சார்ந்தது. பிரஜாவுரிமைச் சான்றிதழ் நாட்டைச் சொல்வது, குடிவரவு குடியகல்வுத் திணைக்களம் சார்ந்தது. ஆட்பதிவுத் திணைக்களம் கேட்பது இரண்டாவதை.

மேலே கிண்ணியா வாசகருக்குச் சொன்ன அதே தாமதப் பதிவுதான் உங்களுக்கும் வழி. இடம்பெயர்வு, முகாம் பதிவு அட்டை, நாடு திரும்பிய பயண ஆவணம் மூன்றும் தாமதத்துக்கு நல்ல ஆதாரம். பெற்றோர் இருவரின் ஆவணமும் தேவை என்று நினைத்துக் கணவரின் தொலைந்த பிறப்புப் பதிவைத் தேடி வருடக்கணக்காக நிற்கிறவர்கள் உண்டு. 1999இல் பிறந்தவர் என்பதால் பழைய சட்டக் காலம் என்ற கேள்வி எழலாம், அதனால் தகப்பனின் சான்றிதழையும் எடுத்துவைப்பது நல்லது. 2003க்குப் பின் பிறந்த தம்பி தங்கைகள் இருந்தால் தாயின் சான்றிதழை வைத்தே தொடங்குங்கள், காத்திருக்க வேண்டாம். சான்றிதழ் பிரதிகளைப் பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவில் கேளுங்கள்.

இந்தியச் சான்றிதழை ஒருமுறை உற்றுப் பாருங்கள். பெயர் நிரல் வெறுமையாக, 'பெண் குழந்தை' என்று மட்டும் இருக்கிறதா? தாயின் பெயர் வீட்டுச் செல்லப்பெயரா? முகாமில் யாரோ சொல்ல யாரோ எழுதிய பதிவுகளில் இது சாதாரணம். அந்தத் திருத்தத்தை அங்கே பதிந்த அலுவலகம்தான் செய்ய முடியும். இன்னும் முகாமில் சொந்தக்காரர் இருந்தால், அவர்கள் கிளம்புவதற்கு முன் அங்கேயே திருத்தி, சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பிள்ளைகளைப் பதிந்துவிட்டு வரச் சொல்லுங்கள். இங்கே வந்த பிறகு ஆகும் செலவில் அது சிறு பங்குதான்.

கேள்வி (மூதூர்): எனக்குக் கல்யாணம் பதியவில்லை. பிள்ளையின் தகப்பன் கையெழுத்துப் போட மறுக்கிறார். தகப்பன் பெயர் இல்லாமல் பதிந்தால் பிள்ளை நாடற்றதாகிவிடுமா? என் பெற்றோரையே பிள்ளையின் தாய் தகப்பனாகப் பதிந்துவிடலாம் என்கிறார்கள்.

பதில்: ஆகாது. தாய் நீங்கள் இலங்கையர், பிள்ளை பிறந்தது இலங்கையில். பிரஜாவுரிமைக்கு அது நிறைவாகப் போதும். பெற்றோர் மணமாகாதவர்களாயின் தாயும் தகப்பனும் சேர்ந்து கேட்டு இருவரும் பதிவேட்டில் ஒப்பமிட்டால்தான் பதிவாளர் தகப்பன் பெயரை எழுதலாம், இல்லையேல் நீதிமன்றக் கட்டளை வேண்டும். அதுவரை அந்த நிரல் வெறுமையாக இருக்கும். அதைக் காரணம் காட்டிப் பிறப்பையே பதிய மறுக்க எந்தப் பதிவாளருக்கும் அதிகாரமில்லை.

பிறந்து 42 நாட்களுக்குள் பதியுங்கள். மூன்று மாதம் தாண்டினால் அது தாமதப் பதிவு, மாவட்டப் பதிவாளர் வரை போகவேண்டிவரும். பிறப்புப் பதிவே கிடைக்காதவர்களுக்குக் கொடுக்கும் உத்தேச வயதுச் சான்றிதழில் திருப்திப்பட வேண்டாம். அது வயதைச் சொல்லும், தாய் யார் என்பதை உறுதிப்படுத்தாது. தாய்வழியாக வரும் உரிமைக்குத் தாய் யார் என்பதுதானே அடிப்படை.

பாட்டன் பாட்டியைப் பெற்றோராக எழுதுவது மிக மோசமான யோசனை. காகிதத்தில் உங்கள் பிள்ளை உங்கள் சகோதரமாகிவிடும். நாளைக்குப் பராமரிப்பு வழக்கு, கடவுச்சீட்டுக்கான தாயின் சம்மதம், காணி உரிமை என்று எதற்குப் போனாலும் நீங்கள் தாய் என்று நிரூபிக்க நீதிமன்றம் ஏற வேண்டும்.

கேள்வி (தம்பலகாமம்): 1977 கலவரத்தோடு தோட்டத்திலிருந்து வந்த குடும்பம் நாங்கள். அம்மம்மாவுக்குப் பிரஜாவுரிமை இருக்கவில்லை என்று சொல்வார்கள். எங்கள் பிள்ளைகளுக்குப் பிரச்சினை வருமா?

பதில்: 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் இந்திய வம்சாவளியினரில் 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வாழ்ந்தவர்களுக்கும் அவர்களின் சந்ததிக்கும் பிரஜாவுரிமை கொடுத்தது. அந்த ஒக்டோபர் 30, இந்திய வம்சாவளியினரின் பிரஜாவுரிமை பற்றி இலங்கையும் இந்தியாவும் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தான நாள். யுத்தத்தால் இந்தியாவுக்கு ஓடிப்போனவர்கள் விடுபட்டதால் 2009இல் அவர்களையும் சேர்த்துத் திருத்தினார்கள். உங்கள் குடும்பத்தில் யாரும் இந்தியக் கடவுச்சீட்டு எடுத்திருக்காவிட்டால் சமாதான நீதவான் மேலொப்பமிடும் பொதுப் பிரகடனம் போதும். எடுத்திருந்தால் விசேட பிரகடனம் கொடுக்க வேண்டும். தோட்டத்து செக்ரோல் (தொழிலாளர் வரவுப் பட்டியல்) பதிவு, அங்கே படித்த பள்ளிக்கூடத்துச் சான்று, பழைய வாக்காளர் இடாப்பு எது கிடைத்தாலும் சேர்த்து வையுங்கள்.

கேள்வி (குச்சவெளி): பெற்றோர் யாரென்றே தெரியாமல் கைவிடப்பட்ட சிசுவுக்கு எந்த நாடு?

பதில்: இலங்கை. பிரஜாவுரிமைச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, மாறாக நிரூபிக்கப்படும் வரை அந்தச் சிசுவை வம்சாவழிப் பிரஜையாகவே கொள்ளச் சொல்கிறது. பொலிஸில் முறையிட்டு நீதவான் முன் அறிக்கை போகட்டும். தூக்கி வளர்க்கிறோம் என்று வீட்டிலேயே வைத்துக்கொண்டால் பிள்ளையின் பதிவு நின்றுபோகும்.

கேள்வி (திருகோணமலை நகர்): எங்கள் மகன் லெபனான் பெண்ணை மணக்கப் போகிறார். பிள்ளைகளுக்கு இரண்டு நாடும் கிடைக்குமா?

பதில்: தாய்வழியாக லெபனான் கிடைக்காது. உலகில் இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் இன்னும் தகப்பன்வழிதான் முதன்மை. லெபனான், குவைத், கட்டார் அதில் அடக்கம். பெண்களுக்கெதிரான பாரபட்சத்தை ஒழிக்கும் சமவாயத்தின் 9ஆம் உறுப்புரை, பிள்ளையின் பிரஜாவுரிமை பற்றிப் பெண்ணுக்குச் சம உரிமை கேட்கிறது. அதை ஏற்ற நாடுகள் சில இந்த உறுப்புரையை மட்டும் விலக்கி வைத்தே ஒப்பமிட்டன. ஆகவே உங்கள் பேரப்பிள்ளைகளுக்கு இருக்கப்போவது மகன் வழியாக வரும் இலங்கைப் பிரஜாவுரிமை ஒன்றுதான். அங்கே பிறந்தால் ஒரு வருடத்துக்குள் பெய்ரூட்டிலுள்ள நம் தூதரகத்தில் பதிந்துவிடச் சொல்லுங்கள். திருமணத்தையும் அதற்கு முன்பே இரு நாட்டிலும் செல்லும்படி பதிந்துவைத்தால் நல்லது.