மூணு ராஜா, ஒரு பாட்டி: கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

கேள்வி: அண்ணே, முதல் உலகப்போர்ல மோதிக்கிட்ட இங்கிலாந்து ஜார்ஜ், ஜெர்மனி வில்ஹெல்ம், ரஷ்யா நிக்கோலஸ் மூணு பேரும் கசின்னு சொல்றாங்களே, எப்படி?

பதில்: கசின்னு சொன்னா ஒண்ணும் புரியாது தம்பி, நம்ம முறையில சொல்றேன். விக்டோரியா மகாராணியோட மூத்த பொண்ணுக்குப் பொறந்தவர் வில்ஹெல்ம், அந்த மூத்த பொண்ணோட தம்பி எட்வர்டுக்குப் பொறந்தவர் ஜார்ஜ், அப்போ ஜார்ஜுக்கு வில்ஹெல்ம் அத்தை பையன். ஜார்ஜோட அம்மாவும் நிக்கோலஸோட அம்மாவும் டென்மார்க் ராஜா வீட்டு அக்கா தங்கச்சி, அதனால நிக்கோலஸ் சித்தி பையன், ரெண்டு பேரும் ஜாடையில அப்படியே ட்வின்ஸ் மாதிரி இருப்பாங்க. நிக்கோலஸ் கட்டினது விக்டோரியாவோட இன்னொரு பேத்திய, அவங்க வில்ஹெல்முக்கு சித்தி பொண்ணு. ஆக ஜெர்மனிக்கு ரஷ்யா மாப்ள! 1913 மே மாசம் பெர்லின்ல வில்ஹெல்ம் பொண்ணு கல்யாணத்துக்கு மூணு பேரும் வந்தாங்க, அதுக்கப்புறம் ஒண்ணா சந்திக்கவே இல்ல.

கேள்வி: இவ்ளோ சொந்தம் இருந்தும் பேசி முடிச்சிருக்கலாமே சார்?

பதில்: பேசினாங்களே. 1914 ஜூலை கடைசியில வில்லி, நிக்கின்னு செல்லப்பேர்ல கையெழுத்துப் போட்டு வில்ஹெல்மும் நிக்கோலஸும் இங்கிலீஷ்ல தந்தி மேல தந்தி அடிச்சுக்கிட்டாங்க. 29ஆம் தேதி ராத்திரி வில்லி தந்தியப் பாத்துட்டு நிக்கோலஸ் முழு படைதிரட்டல நிறுத்தச் சொல்லிட்டார், ஆனா மறுநாளே மந்திரியும் தளபதியும் நெருக்கி மறுபடி ஓகே வாங்கிட்டாங்க, உத்தரவு கைக்கு வந்ததும் மனசு மாறி கூப்பிட்டாலும் கிடைக்காத மாதிரி போனையே உடைச்சிடுறேன்னார் அந்தத் தளபதி. இந்தப் பக்கம் வில்ஹெல்ம் ஆகஸ்ட் 1 அன்னிக்கு, படைய பிரான்ஸ் பக்கம் விடாம ரஷ்யா பக்கம் மட்டும் திருப்புன்னு கேட்டா, ரயில் டைம்டேபிள் எல்லாம் போட்டாச்சு முடியாதுன்னுட்டார் ஜெர்மன் தலைமைத் தளபதி மோல்ட்கே. கிரீடம் இவங்க தலையில, லகான் வேற ஆள் கையில, அவ்ளோதான்.

கேள்வி: ரஷ்யாவுல புரட்சி வந்தப்போ நிக்கோலஸுக்கு அடைக்கலம் தராம தடுத்தது பிரிட்டிஷ் பிரதமர் லாயிட் ஜார்ஜ் தானே?

பதில்: ரொம்ப நாள் அவர் தலையில தான் பழிய போட்டாங்க பாவம். 1917 மார்ச்ல பிரிட்டிஷ் அரசாங்கம் வரச் சொல்லிடுச்சு, ஏப்ரல்ல வேண்டாம்னு செக்ரெட்டரிய விட்டு லெட்டர் மேல லெட்டர் போட வெச்சது ராஜா ஜார்ஜ். ஜார், அதான் ரஷ்ய ராஜா நிக்கோலஸ், வந்தா ஜனங்க கோவம் நம்ம பக்கம் திரும்பிடும்னு பயம். ஜார்ஜோட குடும்பப் பேரே ஜெர்மன் பேரு, சாக்ஸ்-கோபர்க்-கோதா, லண்டன்ல குண்டு போட்ட ஜெர்மன் விமானத்துக்கும் கோதான்னு தான் பேரு! 1917 ஜூலை 17ல பேர விண்ட்சர்னு மாத்திக்கிட்டார். சரியா ஒரு வருஷம் கழிச்சு அதே தேதியில நிக்கோலஸ குடும்பத்தோட சுட்டுக் கொன்னாங்க. எனக்கு ஜார்ஜ் மேல இன்னும் கோவம் உண்டு.

கேள்வி: மெட்ராஸ்ல குண்டு போட்ட எம்டன் இந்த வில்ஹெல்மோட கப்பலா?

பதில்: ஆமா, 1914 செப்டம்பர் 22. எண்ணெய் டேங்க் எரிஞ்சது. எங்க பாட்டி என்னைய 'எம்டன்'னு திட்டினதும் அதுல வந்தது தான்.

கேள்வி: வில்ஹெல்ம் கடைசியில என்ன ஆனார்?

பதில்: 1918 நவம்பர்ல பதவி போச்சு, ஹாலந்துக்கு ஓடி டோர்ன்ங்கற ஊர்ல விறகு வெட்டிக்கிட்டு 1941 வரைக்கும் இருந்தார். 1940ல பாரிஸ் விழுந்ததும் ஹிட்லருக்கு வாழ்த்துத் தந்தி வேற அடிச்சார், மனுஷனுக்கு அந்தப் பழக்கம் மட்டும் போகவே இல்ல.