ரைட்டிங்கில் 6-ல் நிற்கும் மகளுக்கு

நர்ஸிங் முடித்த மகளுக்கு ஐஈஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வின் ரைட்டிங் பகுதியில் 6-தான் வருகிறது, 3,000 சொல் உள்ள புத்தகம் வாங்கலாமா என்று மார்த்தாண்டத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் அம்மா. பிரிட்டனில் நர்ஸாகப் பதிய ரைட்டிங்கில் 6.5 போதும், ரீடிங், லிசனிங், ஸ்பீக்கிங் மூன்றிலும்தான் 7 வேண்டும். அந்த அரை மதிப்பெண்ணுக்குப் புதுச் சொற்களைக் குவிக்க வேண்டியதில்லை, தெரிந்த சொல்லைச் சரியான துணையோடு எழுதினால் போதும்.

ரைட்டிங்கில் வரும் எஸ்ஸேயின் (கட்டுரை) மதிப்பெண்ணில் சொல்வளத்துக்குக் கால் பங்கு. நாம் மழை பெய்கிறது, வெயில் அடிக்கிறது என்போம். ‘வெயில் பெய்கிறது’ என்றால் சிரிப்போம் இல்லையா? ஆங்கிலமும் அப்படித்தான். மழைக்கு ‘ஹெவி’, காற்றுக்கு ‘ஸ்ட்ராங்’. மாற்றிப் போட்டால் தப்பு. மாத்திரை சாப்பிடுவதைத் தமிழில் நினைத்து ‘ஈட் டேப்லெட்ஸ்’ என்று நர்ஸே எழுதினால் எப்படி இருக்கும்! ‘டேக்’ என்பதே சரி. ‘பற்றி’ என்ற நினைப்பில் ‘டிஸ்கஸ் அபவுட்’ வந்துவிடும். அந்த ‘அபவுட்’ வேண்டாம். ‘அட்வைஸ்’, ‘எக்விப்மென்ட்’, ‘இன்ஃபர்மேஷன்’ மூன்றுக்கும் பின்னால் ‘எஸ்’ சேராது.

ஒரு நோட்டு போடச் சொல்லுங்கள். சுகாதாரம், சுற்றுச்சூழல், கல்வி, வேலை என்று தலைப்புக்குச் சில பக்கம். நாளுக்கு ஆறு போதும், அதுவும் தனிச் சொல்லாக இல்லாமல் தொடராக. உங்கள் பக்கத்துக் கடற்கரை ஊரான வள்ளவிளையின் கடலரிப்பை எடுத்துக்கொண்டால் ‘சஃபர் சிவியர் கோஸ்டல் ஈரோஷன்’, ‘லூஸ் தேர் லைவ்லிஹுட்’, ‘பில்ட் ஸீ டிஃபென்ஸஸ்’. அலையைத் தடுக்கக் கடலுக்குள் கல் கொட்டிக் கட்டும் தூண்டில் வளைவைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு இது மறக்காது. இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் ஆங்கிலம். மறுநாளும் மூன்றாம் நாளும் வலப்பக்கத்தை மறைத்துவிட்டு எழுதிப் பார்க்கட்டும். ஏழாம் நாள் அந்தத் தொடர்களை வைத்து ஒரு பத்தி. எழுதாத சொல் தேர்வறையில் கைக்கு வராது.

பட்டியல் கட்டாயம் வேண்டுமென்றால், மொழியியலாளர் ஏவரில் காக்ஸ்ஹெட் 2000-இல் வெளியிட்ட கல்விச் சொற்பட்டியல் இருக்கிறது. 570 சொற்குடும்பங்கள், முதல் 60-ஐ முடித்தாலே நிறைய. குடும்பமாகப் படிப்பதில் ஒரு லாபம் உண்டு: ‘பொல்யூட்’, ‘பொல்யூஷன்’, ‘பொல்யூட்டட்’ என்று மாற்றி எழுதினால் ஒரே சொல் திரும்பத் திரும்ப வராது. வேறு சொல் தேடப் போனால்தான் வம்பு. ‘சில்ட்ரன்’னுக்குப் பதில் ‘கிட்ஸ்’ பேச்சு நடை, ‘இன்ஃபன்ட்ஸ்’ கைக்குழந்தைகள்.

கேள்வியின் வரியை அப்படியே பெயர்த்து எழுதினால் அதற்கு மதிப்பு கிடையாது. எஸ்ஸேக்குக் குறைந்தது 250 சொல், 40 நிமிடம். அதில் கடைசி 4 நிமிடத்தைத் தன் வழக்கமான பிழைகளைத் தேட மட்டும் வைத்துக்கொள்ளட்டும்.

மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓஇடி எழுதுவதானால் கணக்கே வேறு. அங்கே எஸ்ஸே இல்லை, நோயாளியின் குறிப்புகளைப் பார்த்து 180 முதல் 200 சொல்லில் ஒரு கடிதம். ‘டிஸ்சார்ஜ்’, ‘ரெஃபர்’, ‘வூண்ட் கேர்’ என்று அவள் வார்டில் புழங்கும் சொற்கள். எந்தத் தேர்வு என்பதை முதலில் முடிவு செய்யுங்கள், நோட்டை அப்புறம் வாங்கலாம்.