நம் வரிப்பணம் உண்மையில் எங்கே வீணாகிறது?

"மாநில அரசு நம் வரிப்பணத்தை வீணடிக்கிறது. ஒழுங்காக வரி கட்டுகிற எனக்கு என்ன கிடைக்கிறது? இலவசங்களை நிறுத்தினாலே எல்லாம் சரியாகிவிடாதா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

உங்கள் கோபம் நியாயமானது. எனக்கும் அதே கோபம் உண்டு. ஆனால் அது யார் மேல் பாய்கிறது என்பதில்தான் நான் உங்களோடு ஒத்துப்போகவில்லை. தமிழ்நாட்டில் பணம் பெரிதாக வீணாவதாக நான் நினைக்கும் இடங்கள் வேறு: கட்டியதைக் கைவிடுவது, போட்டதையே திரும்பத் தோண்டுவது, அதற்கு யாரும் கணக்குக் கேட்காமல் விடுவது.

முதலில், வரி கட்டுகிறவர்கள் யார் என்று பார்த்துவிடலாம். உங்கள் சம்பளத்தில் பிடிக்கும் வருமான வரி மத்திய அரசுக்குப் போகிறது. அதில், வரியை மத்திய அரசும் மாநிலங்களும் எப்படிப் பிரித்துக்கொள்வது என்று பரிந்துரைக்கும் நிதிக்குழு சொல்லும் பங்கு மட்டும் மாநிலங்களுக்குத் திரும்பி வருகிறது. 15-வது நிதிக்குழுவின் காலத்தில், அப்படி எல்லா மாநிலங்களுக்கும் பிரித்துத் தந்த தொகையில் தமிழ்நாட்டுக்குக் கிடைத்தது நூற்றுக்கு நான்கு ரூபாய் சொச்சம்தான். மாநிலத்தின் சொந்த வரிகள் வேறு: ஜிஎஸ்டியில் மாநிலப் பங்கு, பெட்ரோல், டீசல், மது மீதான வாட் என்னும் விற்பனை வரி, மதுவுக்கான ஆயத்தீர்வை, பத்திரப்பதிவு, வண்டி வாங்கும்போது கட்டும் சாலை வரி. கட்டட வேலைக்குப் போகும் சித்தாள் ஒரு சோப்பு வாங்கினாலும் அதில் வரி இருக்கிறது. 2023-24-ல் டாஸ்மாக் மூலமாக மட்டும் அரசுக்கு 45,855 கோடி ரூபாய் வந்தது. கூலி வேலை பார்த்து வந்த காசு அதில் எவ்வளவு என்று யோசித்துப் பாருங்கள். "நாங்கள் கட்டுகிறோம், அவர்கள் உட்கார்ந்து தின்கிறார்கள்" என்ற பேச்சு எனக்குப் பிடிக்காததற்கு இதுதான் காரணம். எல்லோரும்தான் கட்டுகிறோம்.

சரி, செலவுக்கு வருவோம். 2025-26 பட்ஜெட்டில் வருவாய் வரவு சுமார் 3 லட்சத்து 31 ஆயிரம் கோடி ரூபாய். வருவாய் செலவு சுமார் 3 லட்சத்து 73 ஆயிரம் கோடி. கிட்டத்தட்ட 42 ஆயிரம் கோடி துண்டு விழுகிறது. செலவில் ஊதியம் சுமார் 90 ஆயிரம் கோடி, ஓய்வூதியம் 41 ஆயிரம் கோடி, வாங்கிய கடனுக்கு வட்டி 70 ஆயிரம் கோடி. இந்த மூன்றிலேயே பாதிக்கு மேல் போய்விடுகிறது. எல்லோரும் திட்டுகிற மகளிர் உரிமைத் தொகைக்கு அந்த ஆண்டு ஒதுக்கியது 13,807 கோடி. வட்டிக்குப் போவது அதைப்போல ஐந்து மடங்கு.

அந்த வட்டியைப் பார்க்கும்போதுதான் எனக்கு வயிறு எரிகிறது. ஊதியம் வாங்குபவர்களில் ஆசிரியர், செவிலியர், காவலர் எல்லோரும் இருக்கிறார்கள், வேலை பார்க்கிறார்கள். வட்டியால் ஒரு பள்ளிக்கூடத்துக்கு ஓடு மாற்ற முடியாது. 2021 ஆகஸ்டில் அப்போதைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் மாநில நிதிநிலை பற்றி வெளியிட்ட வெள்ளை அறிக்கையில், பொதுக் கடனைக் கணக்குப் போட்டால் ஒவ்வொரு குடும்பத்தின் தலையிலும் 2,63,976 ரூபாய் இருக்கிறது என்று சொல்லியிருந்தார். அது குறைந்துவிடவில்லை. 2026 மார்ச் முடிவில் மாநிலத்தின் நிலுவைக் கடன் 9 லட்சத்து 29 ஆயிரம் கோடியைத் தாண்டும் என்று 2025-26 பட்ஜெட்டே சொன்னது. கடன் வாங்கி அணை கட்டினால், பாலம் கட்டினால் குறை சொல்ல மாட்டேன். அன்றாடச் செலவுக்குக் கடன் வாங்கிவிட்டு அதற்கு வட்டி கட்ட இன்னொரு கடன் வாங்குவதைத்தான் ஏற்க முடியவில்லை. இதை எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும் செய்திருக்கிறார்கள்.

இலவசங்களுக்கு வருகிறேன். எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டித் திட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. காமராஜர் தொடங்கி, எம்.ஜி.ஆர். 1982-ல் விரிவுபடுத்திய மதிய உணவுத் திட்டம் இல்லாமல் இந்த மாநிலம் இவ்வளவு படித்திருக்குமா? 2022-ல் வந்த காலை உணவுத் திட்டமும் அதே வரிசைதான். பெண்களுக்குக் கட்டணமில்லாப் பேருந்து வந்த பிறகு, வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள் மாதம் சில நூறு ரூபாயாவது மிச்சம் பிடிக்கிறார்கள். இவற்றை நான் வீண்செலவு என்று சொல்ல மாட்டேன். ஆனால் 2016-லிருந்து இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் மின்சாரம் எல்லா வீட்டுக்கும் இலவசம். குடிசைக்கும் அதுதான், அறைக்கு ஒரு ஏசி ஓடும் பங்களாவுக்கும் அதுதான். அந்தச் சுமையை பல ஆண்டுகள் நஷ்டத்தில் தத்தளித்த மின்வாரியத்துக்காக அரசு மானியமாகக் கட்டுகிறது. பங்களாவுக்கு எதற்கு? இன்னொன்று: 2021 பொங்கலுக்கு, சட்டமன்றத் தேர்தலுக்குச் சில மாதம் முன்னால், இரண்டு கோடிக்கு மேற்பட்ட அரிசி அட்டைகளுக்குத் தலா 2,500 ரூபாய் கொடுத்தார்கள். அந்த ஆண்டு வருவாய்ப் பற்றாக்குறை 61 ஆயிரம் கோடிக்கு மேல். இதைத் திட்டம் என்றே நான் சொல்ல மாட்டேன்.

இனி நான் உண்மையில் கோபப்படும் விஷயத்துக்கு வருகிறேன். ஓமந்தூரார் தோட்டத்தில் புதிய சட்டமன்ற, தலைமைச் செயலக வளாகம் கட்டினார்கள். 2010 மார்ச் 13 அன்று பிரதமர் மன்மோகன் சிங் திறந்துவைத்தார். கட்டடம் முடியவில்லை. திறப்பு விழாவுக்காக சினிமா கலை இயக்குநரை வைத்துத் தற்காலிகமாக ஒரு குவிமாடம் போட்டார்கள். திறந்து முடித்ததும் பிரிக்கப்போகிற குவிமாடத்துக்கும் நம் பணம்தான். அடுத்த ஆண்டு ஆட்சி மாறியது. சட்டமன்றம் திரும்ப புனித ஜார்ஜ் கோட்டைக்கே போனது. சட்டமன்றத்துக்கென்று வட்ட வட்டமாக வடிவமைத்த கட்டடத்தை இடித்து, மாற்றி, 2014-ல் பல்நோக்கு உயர் சிறப்பு மருத்துவமனையாகத் திறந்தார்கள். இன்று அந்த மருத்துவமனையால் ஏழைகள் பிழைக்கிறார்கள், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் மருத்துவமனை வேண்டுமென்றால் முதலிலேயே மருத்துவமனையாகக் கட்டியிருந்தால் செலவு எவ்வளவு குறைந்திருக்கும்! அந்தக் கட்டுமானத்தை விசாரிக்க 2011-ல் ஓர் ஆணையம் போட்டார்கள். 2015-ல் அதற்கு நீதிமன்றத் தடை வந்தது. தடை இருந்த காலத்திலும் ஆணையத்தின் செலவு ஓடிக்கொண்டே இருந்தது. 2018-ல் உயர் நீதிமன்றமே அதைக் கேள்வி கேட்டது. பிறகு தலைமை வகித்த முன்னாள் நீதிபதி விலகினார். வீண்செலவை விசாரிக்கப் போய் அதுவும் ஒரு செலவாக முடிந்தது.

அதே 2011-ல் நடந்த இன்னும் இரண்டு விஷயங்களை மறந்துவிடாதீர்கள். கோட்டூர்புரத்தில் திறந்து ஓராண்டு சொச்சமே ஆன அண்ணா நூற்றாண்டு நூலகத்தைக் காலி செய்து குழந்தைகள் மருத்துவமனை ஆக்கப்போவதாக அறிவித்தார்கள்; உயர் நீதிமன்றம் தடுத்ததால் நூலகம் தப்பியது. எல்லாப் பள்ளிகளுக்கும் ஒரே பாடத்திட்டம் என்ற சமச்சீர்க் கல்விக்காகச் சுமார் 200 கோடி ரூபாய் செலவில் அச்சடித்த பாடப்புத்தகங்களை ஓரம்கட்டினார்கள். உச்ச நீதிமன்றம் ஆகஸ்ட் 9 அன்று தீர்ப்புச் சொல்லும்வரை பிள்ளைகள் கையில் புத்தகமில்லாமல் பள்ளிக்கூடம் போய் வந்தார்கள். அப்புறம் சில பக்கங்களில் ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுத்தார்கள். அந்த ஸ்டிக்கரைச் சுரண்டிப் பார்த்த பிள்ளைகளுக்கு இன்று வாக்குரிமை வந்துவிட்டது.

ஒரு கட்சியைக் குறிவைத்து இதைச் சொல்லவில்லை. அவசரமாகத் திறந்தது ஒருவர், ஆத்திரமாக மாற்றியது இன்னொருவர். பணம் மட்டும் இரண்டு முறையும் நம்முடையது.

இதெல்லாம் சென்னை விவகாரம், பெரிய இடத்துச் சங்கதி என்று தோன்றலாம். எங்கள் தெருவிலேயே நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் வீட்டுக்கு மூன்று வாசற்படி இருந்தது. பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் மேலே மேலே புதுத் தார் போட்டுப் போட்டு, இப்போது ஒரு படிதான் மிச்சம். பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் மேடு கட்டியும் மழை பெய்தால் தண்ணீர் கூடத்துக்கு வந்துவிடுகிறது. சாலையைச் சுரண்டிவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும் என்று தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு 2021-லேயே அறிவுறுத்தியிருந்தார். அதற்கு அப்புறமும் எங்கள் தெருவில் அப்படியே மேலே போட்டார்கள். போட்ட தார் இறுகுவதற்குள் குடிநீர்க் குழாய்க்கென்று நடுவே வெட்டினார்கள்.

எங்கள் ஊராட்சியா நகராட்சியா என்பது இங்கே வேண்டாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போட்டேன். பணி ஆணை, எஸ்டிமேட், அளவுப் புத்தகம் மூன்றின் நகலையும் கேட்டேன். அளவுப் புத்தகத்தை அலுவலகத்தில் எம்-புக் என்பார்கள். உதவிப் பொறியாளர் நேரில் அளந்து எழுதுவது, அதை வைத்துத்தான் ஒப்பந்ததாரருக்கு பில் பாஸ் ஆகும். நகல் வந்தது. தாரின் கனம் 40 மில்லிமீட்டர் என்று அழகான கையெழுத்தில் எழுதி, கீழே இரண்டு கையொப்பம். குழாய்க்கு வெட்டிய பள்ளத்தின் ஓரத்தில் புதுத் தாரும் பழைய தாரும் தனித்தனி அடுக்காகத் தெரிந்தன. என் மகனின் பள்ளிக்கூட ஸ்கேலை வைத்துப் பார்த்தேன். எங்குமே 25-ஐத் தாண்டவில்லை. எஸ்டிமேட்டில் பழைய தாரைச் சுரண்டுவதற்கென்று ஒரு வரிகூட இல்லை.

பொறியாளரிடம் போய்க் கேட்டேன். "சார், ரோடு எங்களுது, பைப் அவங்களுது. அவங்க ரோடு கட்டுக்குப் பணம் கட்டிட்டாங்க" என்றார். உண்மைதான், சாலையை வெட்டுவதற்கான சீரமைப்புக் கட்டணத்தை ஒரு துறை இன்னொரு துறைக்குக் கட்டியிருந்தது. காகிதத்தில் எல்லாம் சரி. ஏன் குழாய் போட்டுவிட்டுச் சாலை போடவில்லை என்று கேட்டேன். மார்ச் 31-க்குள் பணத்தைச் செலவழிக்காவிட்டால் ஒதுக்கீடு திரும்பப் போய்விடும், குழாய்க்கு நிதி வந்தது அதற்கு அப்புறம் என்றார். அவர் சொன்னதில் பொய் இருப்பதாக எனக்குப் படவில்லை. நம் தெருவில் நடக்கும் பாதி வீண்செலவுக்கு வேர் இந்த மார்ச் மாத அவசரத்தில்தான் இருக்கிறது. ஆனால் 25-ஐ 40 என்று எழுதியதற்கு மார்ச் மாதம் காரணம் இல்லை.

அளந்த படங்களையும் எம்-புக் நகலையும் இணைத்து மேலதிகாரிக்குப் புகார் அனுப்பினேன். ஒப்பந்ததாரரின் வைப்புத் தொகையை நிறுத்திவைத்தார்கள். கொஞ்ச நாளில் பள்ளத்தை மூடி ஒட்டுப் போட்டார்கள். முழுச் சாலையையும் திரும்பப் போடவில்லை. அது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

ஆகவே இலவசத்தை நிறுத்தினால் சரியாகிவிடுமா என்ற உங்கள் கேள்விக்கு என் பதில்: ஆகாது. மிச்சமாகும் பணமும் இதே எம்-புக் வழியாகத்தான் போகும். கேட்கும் வழிகள் இருக்கின்றன, நாம்தான் பயன்படுத்துவதில்லை. மத்திய அரசின் சட்டம் வருவதற்கு முன்பே, 1997-லேயே தகவல் உரிமைக்குத் தனிச் சட்டம் போட்ட மாநிலம் இது. ஒப்பந்தப் புள்ளிகள் (டெண்டர்) வெளிப்படையாக இருக்க 1998-ல் இங்கே தனிச் சட்டம் வந்தது. அரசுக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் கணக்குத் தணிக்கைத் தலைவரின் (சிஏஜி) அறிக்கை சட்டமன்றத்தில் வைக்கப்பட்டதும் இணையத்தில் கிடைக்கும். எந்தத் துறை ஒதுக்கிய பணத்தைச் செலவே செய்யாமல் திருப்பிக் கொடுத்தது, எந்தத் திட்டம் பாதியில் நிற்கிறது என்று பெயர் சொல்லி எழுதியிருப்பார்கள். சட்டமன்றத்தில் துறைவாரியாக நிதி கேட்கும் மானியக் கோரிக்கையின்போது ஒவ்வொரு துறையும் வெளியிடும் கொள்கை விளக்கக் குறிப்பு தமிழிலேயே இருக்கிறது. உங்கள் தொகுதிக்கு அறிவித்த திட்டத்தை அடுத்த ஆண்டுக் குறிப்பில் தேடிப் பாருங்கள். காணாமல் போயிருந்தால் உங்கள் எம்.எல்.ஏ.வுக்கு எழுதுங்கள்.

தெரு அளவில் என்றால், கிராம சபைக்கோ நகரத்தில் வார்டுப் பகுதி மக்கள் கூடும் ஏரியா சபைக்கோ போங்கள்; போனால் வரவு செலவு வாசிக்கச் சொல்லுங்கள், வாசித்ததாகத் தீர்மானத்தில் கையெழுத்து மட்டும் போட்டுவிட்டு வராதீர்கள். தகவல் உரிமை மனு போடுவதாக இருந்தால் ஒரு யோசனை. "ஏன் இப்படிச் செய்தீர்கள்" என்று கேட்டால் அது தகவல் இல்லை என்று தட்டிக் கழித்துவிடுவார்கள். ஆவணத்தின் பெயரைச் சொல்லி நகல் கேளுங்கள்: பணி ஆணை, எஸ்டிமேட், எம்-புக், பில் கொடுத்த தேதி, குறைபாட்டுக்கு ஒப்பந்ததாரர் பொறுப்பேற்கும் காலம் எதுவரை என்ற விவரம். பத்து ரூபாய்க்குக் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. வேலை நடந்த இடத்தை நேரில் பார்க்கவும், போட்ட பொருளின் மாதிரியைச் சான்றொப்பத்தோடு வாங்கவும் அதே சட்டத்தின் 2(ஜெ) பிரிவு உங்களுக்கு உரிமை தருகிறது. இதை யாரும் கேட்பதில்லை. உங்கள் தெருவில் அடுத்து தார் வண்டி வரும்போது கேளுங்கள்.