அம்மப்பாவின் மொறிஸ்

ஐயா,
அம்மப்பாவின் 1958ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் கார் வீட்டில் நிற்கிறது. அதன் 948 சிசி எஞ்சினைக் கழற்றிவிட்டு ஜப்பான் எஞ்சின் போட்டால் ஏசியும் பூட்டலாம் என்கிறார்கள். மாமா தொடவே விடுகிறாரில்லை. இந்தச் சின்னப் பழைய எஞ்சினில் அப்படி என்ன இருக்கிறது?
- ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

உம்முடைய கடிதம் வந்த நேரம் நான் அப்பாவின் சாவிப் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அதுதான் உடனே எழுதுகிறேன். ஏசியை விடும், கண்ணாடியை இறக்கினால் காற்று வரும்.

'அப்படி என்ன இருக்கிறது' என்று கேட்டீர் பாரும், அதுதான் சுட்டது. 1951இல் ஒஸ்ரின் ஏ30 காருக்கென்று 803 சிசியில் வந்த எஞ்சின் அது. வளர்ந்து உம்முடைய மொறிஸுக்குள் புகுந்தது. மினி காரில் 2000ஆம் ஆண்டுவரை இருந்தது. ஒன்றும் தெரியாமல் கழற்றுகிறேன் என்கிறீரே!

எங்களிடம் நின்றது ஏ30. 1990க்குப் பிறகு போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் தடை. மண்ணெண்ணெயில்தான் ஓட்டம். எரிபொருள் கலவையை எவ்வளவு அமுக்குகிறது என்ற அமுக்க விகிதம் குறைவு, 7.2க்கு 1தான் என்பதால் அந்த எஞ்சின் அதையும் தாங்கியது. ஆனால் குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் லேசில் ஆவியாகாது. அப்பா சிரிஞ்சில் பெற்றோல் எடுத்து காபரேட்டர் வாய்க்குள் சொட்டுச் சொட்டாக விடுவார், நான் முன்னால் நின்று ஹாண்டில் சுற்றுவேன். சூடேறினால் பிறகு மண்ணெண்ணெய். ஒழுங்கை முழுக்க வெள்ளைப் புகை.

எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டன் வளையங்களைத் தாண்டி ஒயிலுக்குள் இறங்கிவிடும். அப்பா ஒயில் கம்பியை இழுத்து, இரண்டு விரலில் தேய்த்து மணந்து பார்ப்பார். இரவில் குப்பி விளக்கடியில் நாலு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, பழைய பேப்பரில் வரிசை மாறாமல் வைத்து, கரியைச் சுரண்டுவார். காலையில் அவற்றை அடுப்புத் தணலில் வாட்டி, சூடு ஆறமுதல் பூட்டுவார். சாரத்து நுனியால் பிடித்துக்கொண்டு நான் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுப்பேன். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது.

மனிதக் கைக்கும் காதுக்கும் எட்டாத ஒன்றும் அந்த எஞ்சினுக்குள் இல்லை, தம்பி. வால்வு இடைவெளி 0.012 அங்குலம். அதை அளக்கும் மெல்லிய தகட்டை உள்ளே விட்டு இழுக்கும்போது எவ்வளவு இறுக்கம் இருக்கவேண்டும் என்று புத்தகம் சொல்லாது. அப்பா என் கையைப் பிடித்து இழுத்துக் காட்டினார். நான் என் மகளின் கையைப் பிடித்துக் காட்டினேன். இப்போது ஒரு வால்வு தட்டினால் அவள் வீட்டுக்குள் இருந்தே சொல்கிறாள்.

உம்முடைய மாமாவுக்கும் அந்தக் கை இருக்கும். எஞ்சினை விலை பேசுவதை நிறுத்தும். இந்த ஞாயிற்றுக்கிழமை வால்வு மூடியைத் திறக்கச் சொல்லி அவருக்குப் பக்கத்தில் போய் இரும். சாரத்தோடு போம்.