மூக்குல எம்ஆர்எஸ்ஏ இருக்காம், மூட்டு ஆபரேஷன் பண்ணலாமா டாக்டர்?

கேள்வி: அம்மாவுக்கு 64 வயசு, சுகர் இருக்கு. முழங்கால் மூட்டு மாத்த தேதி குடுத்துட்டு மூக்குல குச்சி விட்டு டெஸ்ட் எடுத்தாங்க, எம்ஆர்எஸ்ஏன்னு ரிசல்ட் வந்துச்சு, ஆபரேஷனைத் தள்ளி வச்சுட்டாங்க. மாத்திரை எதுவும் எழுதல, மூக்குல தடவ ஒரு களிம்பும் குளிக்க ஒரு மருந்தும்தான். இது போதுமா?

பதில்: போதுங்க, சரியாத்தான் பண்ணியிருக்காங்க. அம்மாவுக்கு இந்தக் கிருமியால இப்ப நோய்னு ஒண்ணும் இல்ல, சும்மா மூக்குல தங்கியிருக்கு. ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ்னு ஒரு கிருமி நல்லா இருக்குற ஆளுங்கள்லயே 100க்கு 20, 30 பேர் மூக்குல இருக்கும், அதுல வழக்கமான மருந்துக்கு அடங்காத ரகம்தான் எம்ஆர்எஸ்ஏ. சுத்தமா இல்லாததால வந்துச்சோன்னு அம்மா மனசைக் குழப்பிக்க வேண்டாம்.

ஆனா அப்படியே விடவும் கூடாது, ஏன்னா மூக்கைத் தொட்ட கை தோலைத் தொடும், தோல்ல இருந்து தையல் போட்ட இடத்துக்குப் போயிடும், இந்தக் கிருமியால சீழ் பிடிக்கிற கேஸ்ல பாதிக்கு மேல நோயாளியோட சொந்தக் கிருமியாத்தான் இருக்கும். செயற்கை மூட்டு மேல ஒட்டிக்கிட்டா ஒரு படலம் கட்டிக்கும், மருந்து சரியா வேலை செய்யாது, சில சமயம் மூட்டையே கழட்ட வேண்டி வரும்.

நெதர்லாந்துல பண்ணி 2010ல வெளியான ஆய்வுல இதே முபிரோசின் களிம்பும் குளோரெக்சிடின் குளியலும் குடுத்தப்ப இந்தக் கிருமியோட தொற்று 7.7 சதவீதத்துல இருந்து 3.4க்கு இறங்குச்சு (அது சாதாரண ரகம், எம்ஆர்எஸ்ஏ இல்ல, அதையும் சொல்லிடறேன்). மூட்டு, இதய ஆபரேஷனுக்கு இதைப் பண்ணச் சொல்லி உலக சுகாதார நிறுவனமும் 2016ல சொல்லிடுச்சு.

களிம்பை ரெண்டு மூக்குத் துளைலயும் தீக்குச்சி மருந்து அளவு தடவணும், வழக்கமா 5 நாள், எத்தனை வேளைன்னு சீட்டுல இருக்குறபடி. நடுவுல விட்டுடாதீங்க. குளியல் மருந்து கண்ணு, காதுக்குள்ள போகக் கூடாது. முழங்கால் முடியை வீட்டுல பிளேடு வச்சு மழிக்கவே வேண்டாம், கண்ணுக்குத் தெரியாத கீறல் போதும் கிருமிக்கு. சுகர் கன்ட்ரோல்ல இருக்கணும், இது களிம்பை விட முக்கியம்னு கூடச் சொல்லுவேன்.

ஆபரேஷன் அன்னிக்கு மயக்க மருந்து டாக்டர்கிட்ட ரிசல்ட்டை இன்னொரு தடவை காட்டுங்க. தொற்று வராம இருக்க வழக்கமா போடுற செஃபாசோலின் ஊசி எம்ஆர்எஸ்ஏவுக்குக் கேக்காது, வான்கோமைசின் மாதிரி வேற மருந்து ஏத்தணும், அது மெதுவாத்தான் ஏத்த முடியும், அதனால முன்னாடியே ஆரம்பிக்கணும்.

வீட்டுக்கு வந்தப்புறம் தையல்ல கசிவு, சிவப்பு, காய்ச்சல்னு வந்தா மெடிக்கல் ஷாப்ல ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டுடாதீங்க, அப்புறம் கிருமியை வளர்த்துப் பாக்குற கல்ச்சர் டெஸ்ட் எடுத்தாலும் என்ன கிருமின்னே தெரியாமப் போயிடும், நேரா ஆபரேஷன் பண்ண டாக்டர்கிட்டயே காட்டுங்க.