பாஞ்சோவும் ஜோ தாம்ஸனும்

அன்புள்ள ஐயா,

யூடியூபில் தற்செயலாக கரோலினா சாக்லேட் ட்ராப்ஸ் குழுவைக் கேட்டேன். கறுப்பின இளைஞர்கள் மூவர் பாஞ்சோ என்ற தந்தி வாத்தியமும் பிடிலும் வாசித்துப் பாடுகிறார்கள். பாஞ்சோ அமெரிக்க மலைநாட்டு வெள்ளையர்களின் வாத்தியம் என்றே நினைத்திருந்தேன். இவர்கள் செய்வது புதிய முயற்சியா?

வாசகர், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

புதிய முயற்சி இல்லை. அது அவர்களின் பாட்டன் பூட்டன் காலத்து இசை. பாஞ்சோவே, அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்கள் சுரைக்குடுக்கையில் தோலை இழுத்துக் கட்டிச் செய்துகொண்ட வாத்தியம்தான். அதன் உறவுக்கார வாத்தியமான அகொண்டிங்கை செனகல், காம்பியா பக்கத்து ஜோலா மக்கள் இன்றும் வாசிக்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டில் வெள்ளையர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு, கறுப்பர்களைக் கேலி செய்யும் மேடைகளில் அதை வாசித்துப் பிரபலமாக்கினார்கள்.

அதற்குப் பிறகும் கறுப்பர்களின் ஊர்களில் பாஞ்சோவும் பிடிலும் ஓயவில்லை. 1920களில் இசைத்தட்டுக் கம்பெனிகள்தான் கறுப்பர்களுக்கு விற்க 'ரேஸ்' (இனம்), வெள்ளையர்களுக்கு விற்க 'ஹில்பில்லி' (மலைநாட்டுக்காரன்) என்று சந்தையைப் பிரித்தன. கறுப்பர் என்றால் ப்ளூஸ் என்ற சோகப்பாட்டு மட்டும்தான் என்றானது. மிசிசிப்பி ஷேக்ஸ் போன்ற சில குழுக்கள் பதிவாயின, பெரும்பாலான பிடில்காரர்களை யாரும் பதிவு செய்யவே இல்லை. தட்டு இல்லாததால் அந்த இசையே இருந்ததில்லை என்று பின்னால் வந்தவர்கள் நம்பிவிட்டார்கள். எனக்கு ஆறவே ஆறாத விஷயம் இது.

சரி, இந்த மூவருக்கு வருவோம். 2005இல் வட கரோலினாவின் பூன் நகரில் கறுப்பின பாஞ்சோ மரபுக்காக ஒரு கூடுகை நடந்தது. ரியானன் கிட்டன்ஸ், டாம் ஃப்ளெமன்ஸ், ஜஸ்டின் ராபின்சன் மூவரும் அதற்கு வந்தவர்கள். அப்புறம் மெபேன் ஊரில் ஜோ தாம்ஸன் வீட்டுக்குப் போய் உட்கார ஆரம்பித்தார்கள். 1918இல் பிறந்தவர், மரச்சாமான் ஆலைத் தொழிலாளி, குடும்ப வழியாகப் பிடில் வந்தவர். அவரோடு சேர்ந்து பாஞ்சோ வாசித்த உறவினர் ஓடெல் 1994இலேயே இறந்துவிட்டார். ஜோ பாடம் நடத்தவில்லை. அவர் வாசிப்பார், இவர்களும் கூடவே வாசிப்பார்கள். இப்படிக் கற்றவர்களின் 2010 ஆல்பத்துக்கு கிராமி விருது கிடைத்தது. ஜோ 2012இல் காலமானார்.

அடுத்து 'டோனா காட் எ ராம்ப்ளிங் மைண்ட்' பாட்டைக் கேளுங்கள். முதலில் ஜோவும் ஓடெலும் வாசித்தது, பிறகு இவர்களுடையது. பாஞ்சோவின் குட்டைத் தந்தியைக் கட்டைவிரல் மீட்டிக்கொண்டே இருக்கும், சுருதிபோல ஒரே ஸ்வரத்தில். ஜோவின் வில் அதன்மேல் வெட்டி வெட்டிப் போகும். அதைக் கவனித்துவிட்டு எழுதுங்கள்.